ஸ்பெயினில் மேற்படிப்பு: கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு தந்தைக்கு

ஐயா,

தங்கள் மகளுக்கு ஸ்பெயினிலிருந்து வந்திருக்கும் சேர்க்கைக் கடிதத்தின் நகலைப் படித்தேன். உணவு, குளிர், பாதுகாப்பு ஆகியவை பற்றியே தாங்கள் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் பெரிதாக அஞ்ச ஒன்றுமில்லை. எனக்குக் கவலை தருவது, கடிதத்தில் படிப்பின் பெயருக்கு முன்னால் இருக்கும் சொற்கள்தாம்.

அந்நாட்டில் முதுநிலைப் படிப்புகள் இரண்டு வகைப்படும். 'மாஸ்தர் உனிவெர்சித்தாரியோ' என்பது அரசு அங்கீகாரம் பெற்ற பட்டம்; 60 முதல் 120 ஐரோப்பிய கிரெடிட்டுகள் (படிப்பின் அளவைக் குறிக்கும் புள்ளிகள்) கொண்ட இதை முடித்தவர் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். மற்றொன்று, பல்கலைக்கழகம் தன் பொறுப்பில் தானே வழங்குவது. 'மாஸ்தர் தெ ஃபொர்மசியோன் பெர்மனெந்தே' என்று அதற்குப் பெயர். தங்கள் மகளின் கடிதத்தில் இருப்பது இந்த இரண்டாவது பெயர். இது மோசடியன்று, வேலையில் இருந்துகொண்டே ஒரு துறையில் தேர்ச்சி பெற விரும்புபவர்களுக்கு நன்கு பயன்படும். ஆனால் பிற்காலத்தில் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பெண், வங்கிக் கடன் வாங்கிப் போய்ப் படிக்க வேண்டிய படிப்பு இதுவன்று. 'ரூக்த்' எனப்படும் ஸ்பெயின் அரசின் பட்டப் பதிவேட்டை எவரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். நான் தேடிய அளவில் இந்தப் படிப்பின் பெயர் அதில் இல்லை.

படித்து முடித்த இரண்டே ஆண்டுகளில் குடியுரிமை கிடைத்துவிடும் என்று முகவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டாண்டுச் சலுகை லத்தீன் அமெரிக்க நாடுகள், பிலிப்பைன்ஸ், போர்ச்சுகல் முதலியவற்றின் குடிமக்களுக்கு உரியது. இந்தியர்களுக்குப் பத்து ஆண்டுகள். மாணவராகத் தங்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

விசாவுக்காக மாதத்திற்குச் சுமார் 600 யூரோ கையில் இருப்பதாகக் காட்டினால் போதும்; ஆனால் மாட்ரிட்டிலோ பார்சிலோனாவிலோ ஓர் அறையின் வாடகையே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். வாரத்திற்கு 30 மணி நேரம் வரை வேலை செய்ய மாணவர்களுக்கு அனுமதி உண்டு என்றாலும், ஸ்பானிய மொழி தெரியாதவருக்கு அந்த அனுமதியால் அதிகப் பயன் இல்லை. ஆங்கில வழிப் படிப்பு என்பது வகுப்பறையோடு முடிந்துவிடும். வீட்டு ஒப்பந்தம், மருத்துவமனை, நேர்காணல் எல்லாம் ஸ்பானிய மொழியில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் வேலையின்மை மிகுந்த நாடுகளுள் ஸ்பெயினும் ஒன்று என்பதால், மொழி தெரிந்த உள்ளூர்ப் பட்டதாரிகளோடுதான் தங்கள் மகள் போட்டியிட வேண்டியிருக்கும்.

மொழியைப் பற்றி அவரைப் பயமுறுத்திவிடாதீர்கள். 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெறோ' என்றால் 'நாய்'; பிற நாட்டு மாணவர்கள் பலர் தடுமாறும் இந்த வேறுபாடு, ரகரத்தையும் றகரத்தையும் பிரித்து ஒலிக்கும் தமிழ் நாவுக்கு விரைவில் வந்துவிடும். 'எஸ்பாஞா' என்று அவர்கள் தம் நாட்டைச் சொல்லும்போது நம் ஞகரமே கேட்கும். செர்வாந்தஸ் நிறுவனத்தின் 'டெலே' என்னும் ஸ்பானிய மொழித் தேர்வில் விமானம் ஏறுவதற்கு முன் ஏ2 என்னும் அடிப்படை நிலையையாவது அவர் எட்டிவிட வேண்டும்; அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது.

இதே துறையில் அரசு அங்கீகாரமுள்ள படிப்பு அங்கே இருக்கிறதா, விண்ணப்பத்தை அதற்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று பல்கலைக்கழகத்திற்கு மகளையே இன்று எழுதச் சொல்லுங்கள். முகவர் வழியாகக் கேட்க வேண்டாம். எழுத்தில் பதில் வரும்வரை முதல் தவணை தங்கள் வங்கிக் கணக்கிலேயே இருக்கட்டும்.