‘பழைய சாமானுக்கு கேரண்டி கிடையாது’ என்று கடைக்காரர் கைவிரித்தால்?

கேள்வி: மன்னார்குடியில் நானும் மனைவியுமாக ஒரு சின்ன டிடிபி கடை நடத்துகிறோம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ்தான் பிழைப்பு. எங்கள் பழைய தமிழ் எழுத்துருக்களும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும் விண்டோஸ் 98 கம்ப்யூட்டரில்தான் ஓடுகின்றன. அதன் ஹார்ட் டிஸ்க் போய்விட்டதால், சென்னைக் கடை ஒன்றுக்கு ரூ.1,800 அனுப்பி 40 ஜிபி ஐடிஇ (பழைய வகை இணைப்பு) டிஸ்க் வாங்கினேன். ‘செக் பண்ணியாச்சு, ஒரு பேட் செக்டர்கூட (பழுதான இடம்கூட) இல்லை’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். சென்ற வாரம் வந்தது. விண்டோஸ் ஏற்றினால் பாதியில் நிற்கிறது. உள்ளே டக் டக்கென்று சத்தம். கேட்டால், ‘செகண்ட் ஹேண்டுக்கு ரிட்டர்ன் இல்லை, பில்லிலேயே போட்டிருக்கு; கோளாறு உங்கள் மதர்போர்டில்’ என்கிறார். டிஸ்க்கில் யாரோ ஒரு குடும்பத்தின் போட்டோக்களும் வங்கி விவரங்களும் இருக்கின்றன. அதை வெளியில் போடுவேன் என்று சொன்னால் பணம் வருமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த வேலையே வேண்டாம். நியாயமான பணத்தைக் கேட்கப்போய், மிரட்டல் புகாரில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். படம் வெளியே போனால் பாதிக்கப்படுவது கடைக்காரர் இல்லை, சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கோப்புகளைத் திறக்காதீர்கள், நகல் எடுக்காதீர்கள். அதற்காக இப்போதே ஃபார்மட்டும் அடித்துவிடாதீர்கள். அந்த டிஸ்க்தான் உங்கள் சாட்சி. கழற்றி, உறையில் போட்டு ஒட்டி வையுங்கள். விவகாரம் முடிந்த பிறகு அழித்துக்கொள்ளலாம்.

சரி, பணத்துக்கு வருவோம். பழைய பொருள் என்றால் சட்டம் எட்டிப் பார்க்காது என்பது கடைவீதி நம்பிக்கை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, ‘குறைபாடு’ என்பதற்குச் சொல்லும் பொருளில், வணிகர் எந்த விதத்திலாவது உறுதி சொன்ன தரம் பொருளில் இல்லாததும் அடங்கும். ‘உள்ளது உள்ளபடி, ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம்’ என்று சொல்லி விற்றிருந்தால் உங்கள் கட்சி பலவீனம். இவரோ பேட் செக்டரே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த ஒரு வரியில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது. அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். பில்லில் ‘ரிட்டர்ன் இல்லை’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதையே அதே சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. திரும்ப எடுக்கப் பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. ஆகவே இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள்.

அதற்கு முன் உங்கள் பக்கம் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். போர்டு மேல் அவர் பழி போடுவது முழுக்கச் சாக்கு என்றும் சொல்ல முடியாது. 1999-க்கு முந்தைய சில போர்டுகளின் பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்), 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கைக் கண்டால் அப்படியே நின்றுவிடும். மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பர் (டிஸ்க் முதன்மையா துணையா என்று காட்டும் சின்னச் செருகி) மாறியிருந்தாலும் தகராறுதான். இரண்டும் டிஸ்க்கின் குறை ஆகாது. உங்கள் டிஸ்க் விண்டோஸ் ஏற்றுவதுவரை போய், சத்தமும் போடுவதால் எனக்கு டிஸ்க் மேலேயே சந்தேகம். ஆனால் என் சந்தேகம் நுகர்வோர் ஆணையத்தில் செல்லாது. ஐடிஇ போர்டு வைத்திருக்கும் சர்வீஸ்காரர் ஒருவரிடம் கொடுத்து, வேறு போர்டில் மாட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். டிஸ்க்கின் சீரியல் எண், அது ஓடிய மொத்த மணி நேரம், பழுதாகி மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை எல்லாம் குறித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். ‘முந்தைய உபயோகிப்பாளரின் கோப்புகள் உள்ளன’ என்று ஒரு வரி போதும். பெயர் எதுவும் வேண்டாம். ஆணையம் நினைத்தால் பரிசோதனைக் கூடத்துக்கும் அனுப்பலாம்; 1,800 ரூபாய்க்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது.

‘தொழிலுக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு கிளப்பலாம். சுயதொழிலில் வயிறு கழுவ மட்டுமே வாங்கிய பொருளை வணிக நோக்கம் என்று சட்டம் கருதுவதில்லை. நீங்களும் மனைவியும் நடத்தும் கடை என்று மனுவில் தெளிவாக எழுதுங்கள். ஆள் வைத்து நடத்தும் அரிசி ஆலைக்காரர் எடைமேடைக்காக இதே டிஸ்க்கை வாங்கியிருந்தால், என் பதில் இவ்வளவு தெம்பாக இருந்திருக்காது.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். சின்னத் தொகைக்குப் பல கடைக்காரர்கள் அங்கேயே இறங்கி வந்துவிடுவார்கள். மசியாவிட்டால் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், அப்புறம் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, இரண்டு வருட அவகாசம் உண்டு. டிஸ்க் விலை, தபால் செலவு, சர்வீஸ்காரர் கூலி, அலைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, இவற்றைக் கேளுங்கள். உங்கள் பழைய டிஸ்க்கோடு போன டிசைன்களுக்கு நஷ்டஈடு கேட்காதீர்கள். அவை இவர் விற்பதற்கு முன்பே போனவை. அதையும் சேர்த்தால் நியாயமான மற்ற கோரிக்கைகளின் மேலும் சந்தேகம் விழும்.