கேம் கன்சோலில் மகன் செலவழித்த 41,300 ரூபாய் திரும்ப வருமா?

கேள்வி: வேளச்சேரியில் வசிக்கிறேன். 14 வயது மகனுக்கு கேம் கன்சோல் வாங்கிக் கொடுத்தேன். நண்பர்களோடு ஆன்லைனில் ஆட மாதச் சந்தா கட்ட வேண்டும் என்றான். என் பெயரில் கணக்குத் தொடங்கி, கிரெடிட் கார்டையும் அதில் சேமித்தேன். மூன்று வாரத்தில் கால்பந்து விளையாட்டின் 'பேக்'குகளுக்கு (உள்ளே எந்த வீரர் இருப்பார் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறப்பவை) 41,300 ரூபாய் போய்விட்டது. ஓடிபி ஒன்றுகூட வரவில்லை. கார்டு மோசடி என்று வங்கியில் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார் நண்பர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நண்பர் மனதில் வைத்திருப்பது ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதி. வெளியாள் செய்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்கிறது அது. இங்கே பணம் போனது உங்கள் வீட்டுக் கன்சோலிலிருந்து, உங்கள் கணக்கில், நீங்களே சேமித்த கார்டில். கன்சோல் நிறுவனம் இந்த விவரத்தை வங்கிக்கு அனுப்பியதும், உங்கள் புகாரை நம்பித் தற்காலிகமாக வரவு வைத்த தொகையை வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளும். தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்த சிக்கல் வேறு.

அதைவிடப் பெரிய சேதம், சார்ஜ்பேக் போட்டால், அதாவது கார்டில் போன பணத்தை வங்கி வழியாகத் திரும்ப இழுத்தால், கன்சோல் கணக்கே முடங்கலாம். டிஜிட்டலாக வாங்கிய விளையாட்டெல்லாம் அந்தக் கணக்கோடு ஒட்டியவை. உங்களுக்கு இருப்பது உரிமம் மட்டும்தான். டிஸ்க்காக இருந்தால் எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் விற்றாவது கொஞ்சம் காசு பார்க்கலாம்.

ஓடிபி வராததை ஆதாரமாக நம்பாதீர்கள். வெளிநாட்டு வணிகருக்குப் போகும் கார்டு கட்டணத்துக்குப் பல நேரம் அது கேட்கப்படுவதில்லை. தானாகப் புதுப்பிக்கும் சந்தாவுக்கும், முதல் பதிவுக்குப் பிறகு 15,000 ரூபாய் வரை ஓடிபி தேவையில்லை. 24 மணி நேரம் முன்பு வங்கி தகவல் அனுப்பினால் போதும்.

மகன் மைனர்தானே என்றால், 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி மைனரின் ஒப்பந்தம் செல்லாது. 1903-ல் மோகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் (ஆங்கிலேயர் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றம்) இதை உறுதிசெய்தது. ஆனால் நிறுவனத்தின் பதிவேட்டில் சிறுவனே இல்லை, நீங்கள்தான் இருக்கிறீர்கள். உங்கள் வழக்கின் பலவீனமான இடம் இதுதான். பணம் கட்டி ஆடும் சூதாட்டத்துக்கான தமிழ்நாட்டின் 2022 சட்டத்தையும் இழுக்க வேண்டாம். ஜெயித்துப் பணமாக எடுக்க முடியாத பேக்குகளுக்கு அது பொருந்துவது கடினம்.

இன்றே கணக்கிலிருந்து கார்டை நீக்குங்கள், தானாகப் புதுப்பித்தலையும் அணையுங்கள். கன்சோலை மூட்டை கட்டி வைத்தாலும் சந்தா ஓடிக்கொண்டுதான் இருக்கும். வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நிறுத்துங்கள்.

பிறகு நிறுவனத்துக்கு உண்மையை எழுதுங்கள்: பெற்றோர் சம்மதமின்றி மைனர் வாங்கியவை. பிறப்புச் சான்றிதழ், கார்டு ஸ்டேட்மென்ட், ஒவ்வொரு ஆர்டர் எண்ணும் இணையுங்கள். இரவு 11.40-க்கு பத்து நிமிடத்தில் 3,999 ரூபாய் மூன்று முறை போன வரி இருந்தால் அதைக் கோடிட்டுக் காட்டுங்கள். வளர்ந்தவர் வாங்கும் முறையல்ல அது. திறக்காத பேக், விளையாட்டுக்குள் செலவாகாத நாணயம் எவை என்று தனியே பிரித்துக் கேளுங்கள், அவற்றுக்குத்தான் வாய்ப்பு அதிகம். திறந்தவற்றை விதியைக் காட்டி மறுப்பார்கள். சாட் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஜன்னலை மூடினால் போய்விடும்.

மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அங்கும் தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் இடத்தின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமில்லை, வழக்குப் போடக் கெடு இரண்டு ஆண்டு. கணக்கை முடக்கியதை நியாயமற்ற ஒப்பந்தம் என்று எதிர்ப்பதானால் மட்டும் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். என் கணிப்பில் முழுத் தொகையும் வராது.

மகனை இனி உங்கள் கணக்கில் ஆடவிடாதீர்கள். அவன் உண்மையான பிறந்த தேதியில் குழந்தைக் கணக்கு தொடங்கி, மாதச் செலவு வரம்பைப் பூஜ்யமாக வையுங்கள். நாளைக்கு வேறொரு தகராறு வந்தால், அந்தத் தேதிதான் 11-வது பிரிவை உங்கள் பக்கம் நிறுத்தும்.