மரபுவழி இதயநோயில் அழற்சியைப் படம் பிடிக்க முடியுமா?

கேள்வி: நெஞ்சுவலி வந்த என் அண்ணனுக்கு, இதயத்தசை சேதமடைந்தால் இரத்தத்தில் கூடும் டிரோபோனின் என்னும் புரதம் கூடியிருந்தும், ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை. மரபுவழி இதயத்தசை நோயாக இருக்கலாம் என்று எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். எக்கோ போதாதா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: போதாது. எக்கோ இதயத்தின் அளவையும் துடிப்பின் வலிமையையும் காட்டுமே தவிர, தசைக்குள் நிகழும் அழற்சியைக் காட்டாது. டெஸ்மோபிளாக்கின் என்னும் புரதத்துக்கான மரபணுவில் பிழை உள்ள சிலருக்கு, இதயத்தசைச் செல்களைப் பிணைக்கும் கட்டு தளர்ந்து, அவ்வப்போது அழற்சி மூண்டு அடங்கும். அது வைரஸால் வரும் அழற்சியைப் போலவே தோன்றுவதால், மரபுக் காரணம் கவனிக்கப்படாமல் போவதுண்டு என்பதே எனக்குப் பெரும் கவலை.

எம்.ஆர்.ஐ. தசையில் நீர் கோத்த வீக்கத்தையும், படத்தைத் தெளிவாக்கும் கடோலினியம் என்னும் மருந்தைச் செலுத்திய பின் தழும்பையும் காட்டும். பெட் ஸ்கேனில், கதிரியக்கக் குறியிட்ட குளுக்கோஸை அழற்சிச் செல்கள் மிகுதியாக உறிஞ்சுவதால் அவ்விடம் ஒளிர்ந்து தெரியும். ஆனால் நலமான இதயத்தசையும் குளுக்கோஸை எடுக்கக்கூடும் என்பதால், மருத்துவமனை சொல்லும்படி முதல்நாள் மாவுச்சத்தை விலக்கிக் கொழுப்பு மிகுந்த உணவை உண்டு, பின்னர் பட்டினி இருக்க வேண்டும். நம் தருமபுரிப் பக்கத்துக் கேழ்வரகுக் களியும் கூழும் அரிசிச் சோற்றைப் போலவே மாவுச்சத்து மிகுந்தவை. அவற்றை உண்டுவிட்டுச் சென்றால் படம் பயனற்றுப் போகலாம். அண்ணனுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

இந்த மரபணுப் பிழை அண்ணனுக்கு இருந்து, அது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால், உங்களுக்கும் அது இருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. ஆகவே நீங்களும் மரபணு ஆலோசனை பெறுங்கள்.