ஆபரேஷன் மேஜையிலேயே ஓரம் பார்த்தால் போதுமா?

கேள்வி: மண்டபம் பக்கம் கடற்பாசி எடுக்கப் போகிற அம்மாவுக்கு இடது மார்பில் 2 செ.மீ. கட்டி. பயாப்சியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. "மார்பை எடுக்க வேண்டாம், கட்டியை மட்டும் எடுத்து ஓரத்தை அங்கேயே பார்த்துவிடலாம்" என்கிறார் மதுரை டாக்டர். அப்படியும் இரண்டாவது ஆபரேஷன் வருமா? பேசாமல் முழுசாக எடுத்துவிடலாமா?

பதில்: வரலாம். அதற்குப் பயந்து முழு மார்பையும் எடுக்க வேண்டியதில்லை.

கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்தே எடுப்பார்கள். திசை தெரிய அந்தத் துண்டில் நூல் போடுவார் சர்ஜன். பெரும்பாலும் மேல்பக்கம் குட்டை நூல், அக்குள் பக்கம் நீள நூல். நோய்க்குறியியல் டாக்டர் அதன் மேல் மை தடவி, சந்தேகமான ஓரத்தை உறைய வைத்து, சன்னமாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். இதுதான் ஃப்ரோசன் செக்‌ஷன். ஏறக்குறைய அரை மணி நேரத்தில் பதில் வரும். ஓரத்தில் நோய் தெரிந்தால் அந்தப் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் எடுத்துவிடுவார்கள்.

ஆனால் மார்பில் கொழுப்பு அதிகம். கொழுப்பு சரியாக உறையாது, சீவும்போது கிழியும். எல்லா ஓரத்தையும் அந்த நேரத்துக்குள் பார்த்து முடிக்கவும் முடியாது. அதனால் சதையை மெழுகில் பதித்து நிதானமாகப் பார்த்து, சில நாள் கழித்து வரும் பாரஃபின் ரிப்போர்ட்தான் கடைசி வார்த்தை. அதில் ஓரத்தில் நோய் தெரிந்தால்தான் இரண்டாவது ஆபரேஷன் வரலாம். சதைக்குள் ஊடுருவிய புற்றுநோய்க்கு, மை பட்ட இடத்தில் புற்றணு இல்லையென்றால் போதும். பால் குழாய்க்குள்ளேயே நிற்கும் வகை மட்டும் என்றால் 2 மி.மீ. இடைவெளி பார்ப்பார்கள். "ஒரு செ.மீ. விட்டு எடுத்தீர்களா?" என்று சர்ஜனிடம் சண்டை போட வேண்டாம்.

ஃப்ரோசன் வசதி எல்லா இடத்திலும் கிடையாது. இல்லாவிட்டால், கட்டி எடுத்த குழியைச் சுற்றி இன்னொரு மெல்லிய அடுக்கை எடுத்துவிடுவது நல்ல வழி. எது செய்யப்போகிறார்கள் என்று முன்னாலேயே கேளுங்கள். ஒப்புதல் படிவத்தில், தேவைப்பட்டால் முழு மார்பையும் எடுக்கலாம் என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அம்மாவுக்குச் சம்மதம் இல்லையென்றால் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 20 வருடம் தொடர்ந்து பார்த்து 2002-ல் வெளியான ஆய்வுகளில், கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தவர்களும் முழுசாக எடுத்தவர்களும் ஒரே அளவுக்குத்தான் உயிர் வாழ்ந்தார்கள். உங்கள் வீட்டில் யோசிக்க வேண்டியது அந்த ரேடியேஷனைத்தான். நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்பார்களே, அதேதான். வாரத்துக்கு ஐந்து நாள், பொதுவாக மூன்று வாரமாவது போகும். மண்டபத்திலிருந்து தினமும் மதுரைக்கு அலைவது முடியாத காரியம். தங்க இடம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்த நாட்களிலும், தோல் ஆறும் வரையும் அம்மா கடலில் இறங்கக் கூடாது. உப்புத் தண்ணீர் பட்டால் எரிச்சல் கூடும்.