சமையலறைத் தரைக்கு அடியில் ஹீட்டிங்: போடலாமா?

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வீட்டின் பின்பக்கத்தை நீட்டிப் பெரிய சமையலறை கட்டுகிறோம். ரேடியேட்டருக்குப் பதில் அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங் போடச் சொல்கிறார் பில்டர். அம்மாவுக்குக் குளிர்காலம் முழுக்கக் கால் ஜில்லிட்டுப் போகிறது. செலவுக்கு ஏற்ற பலன் இருக்குமா?"

தாராளமாகப் போடுங்கள். தரையை எப்படியும் புதிதாகப் போடப் போகிறீர்கள், இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

ரேடியேட்டரில் சூடாகும் காற்று நேரே மேலே ஏறிவிடும். கூரையடியில் வெக்கை, காலடியில் குளிர். வெந்நீர்க் குழாய் ஓடும் தரையிலோ அறை முழுக்க ஒரே சீரான இதம். ஆட்கள் புழங்கும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய நெறி. உடம்புச் சூட்டைவிட அது குறைவுதான். அம்மா டைல்ஸில் வெறுங்காலோடு நின்று தோசை சுடலாம். சுவரில் ரேடியேட்டர் இல்லாததால் இன்னொரு அலமாரிக்கும் இடம் கிடைக்கும்.

பணம் மிச்சமாவது தண்ணீரின் சூட்டில். ரேடியேட்டருக்குப் பொதுவாக 60–70 டிகிரி வேண்டும், இதற்கு 35–45 போதும். நாளைக்கு ஹீட் பம்ப் (வெளியிலிருக்கும் சூட்டை இழுத்து வீட்டுக்குத் தரும் மின்சாரக் கருவி) வைக்கும் எண்ணம் இருந்தால், அது மிகச் சிக்கனமாக வேலை செய்வது இந்தக் குறைந்த சூட்டில்தான்.

ஆனால் குழாய்க்குக் கீழே இன்சுலேஷன், அதாவது சூட்டைத் தடுக்கும் பலகை, சரியில்லை என்றால் சூடு மண்ணுக்குப் போய்விடும். பில்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: என்ன பலகை, எத்தனை மில்லிமீட்டர், சுவரோரத்திலும் உண்டா? பட்ஜெட் இடித்தால் டைல்ஸில் குறையுங்கள், இதில் கை வைக்காதீர்கள்.

கீழ் அலமாரிகளுக்கு அடியில் குழாய் வேண்டாம். அரிசி மூட்டையும் வெங்காயமும் வைக்கிற மூலையையும் இப்போதே காட்டிவிடுங்கள், அங்கேயும் வேண்டாம்.

குழாயை மூடி ஊற்றும் கலவைப் படலத்துக்கு ஸ்கிரீட் என்று பெயர். 65 மில்லிமீட்டர் ஸ்கிரீட் சூடேறச் சில மணி நேரம் ஆகும். குளிரும்போது போட்டு, அப்புறம் அணைக்கிற பழக்கம் இதற்கு ஒத்துவராது. இரவில் இரண்டு டிகிரி குறைத்து, தொடர்ந்து ஓட விடுங்கள்.

இதற்காக முன்னறைகளின் நல்ல தரையை உடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே ரேடியேட்டரே இருக்கட்டும். குளியலறைக்கு டைல்ஸுக்கு அடியில் விரிக்கும் மின்சார மேட் போதும்: சதுர மீட்டருக்கு 150 வாட் அளவில் இழுக்கும், காலையும் மாலையும் கொஞ்ச நேரம் போட்டால் போதுமானது. பெரிய சமையலறைக்கு அதைப் போட்டால் பில் தாங்காது, ஏனென்றால் பிரிட்டனில் மின்சார யூனிட் எரிவாயு யூனிட்டைவிடப் பல மடங்கு விலை.

ஸ்கிரீட் ஊற்றுவதற்கு முன் குழாயில் அழுத்தச் சோதனை நடக்க வேண்டும். அப்போது நீங்களே அங்கே இருந்து, குழாய் ஓடும் பாதையை அளவு டேப்போடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் தரையில் துளை போடுகிறவருக்கு அது தேவைப்படும். சிமென்ட் ஸ்கிரீட் என்றால் 21 நாள் கழித்துத்தான் முதல் சூடு. முதல் மூன்று நாள் தண்ணீர் 25 டிகிரிக்குள் இருக்கட்டும், பிறகு ஏற்றலாம். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று பில்டரை அவசரப்படுத்தினால் ஸ்கிரீட் விரிசல் விடும், மேலே ஒட்டிய டைல்ஸும் கூடவே விரியும்.