நூலக வரிக்குக் கணக்குக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் ஊர்ப்புற நூலகத்துக்குப் புதிய புத்தகம் வந்து நெடுநாளாகிறது, நாளிதழும் ஒன்றே ஒன்றுதான். கேட்டால் பணமில்லை என்கிறார்கள். இளைஞர்கள் சேர்ந்து நன்கொடை திரட்டித் தரலாமா?
– ஊராட்சி வாசகர் ஒருவர்

பதில்: தாராளமாகத் திரட்டுங்கள். ஆயிரம் ரூபாய் செலுத்திப் புரவலராகவும் சேரலாம். ஆனால், வீடு வீடாகப் போவதற்கு முன்னால் உங்கள் வீட்டு வரி ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வீட்டு வரியோடு நூலக வரி என்றும் ஒரு தொகை அதில் போடப்பட்டிருக்கும். ரூபாய்க்கு 10 காசு. 600 ரூபாய் வீட்டு வரி கட்டுகிறவர் நூலகத்துக்கென்று 60 ரூபாய் கட்டுகிறார். ஆக, உங்கள் ஊரார் ஏற்கெனவே நூலகத்துக்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நூலகம் ஆண்டுதோறும் அரசின் தயவை எதிர்பார்த்து நிற்கக் கூடாது என்பதற்காகவே, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றி, இந்த வரியையும் அதில் சேர்த்தது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் பல்லாண்டுகள் விடாமல் வற்புறுத்தியதன் பயன் அது. சட்டப்படி, ஊராட்சியும் நகராட்சியும் இந்த வரியை வசூலித்துக் கொடுக்கும் பொறுப்பில்தான் இருக்கின்றன. பணம், மாவட்டத்தின் பொது நூலகங்களை நடத்தும் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு உரியது. அதைத் தம் பொதுக்கணக்கில் வைத்துக்கொண்டு, தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் செலவிட்டுவிட்டு, ‘நிதி நெருக்கடி’ என்று சொல்ல எந்த உள்ளாட்சிக்கும் உரிமையில்லை. தெருவிளக்கு வேண்டியதுதான். ஆனால் அது நூலக வரியில் எரியக் கூடாது.

பணம் தாமதமானாலும் சம்பளத்தையும் வாடகையையும் மின்கட்டணத்தையும் நிறுத்த முடியாது. எனவே முதலில் வெட்டு விழுவது புத்தகத்துக்கும் இதழ்களுக்கும்தான். சென்ற மாதம் நான் போயிருந்த ஒரு கிளை நூலகத்தில், இதழ்த் தட்டில் ஒன்பது இதழ்களின் பெயர்ச்சீட்டுகள் ஒட்டியிருந்தன. நான்கின் கீழே மட்டும் இதழ் இருந்தது. மற்ற ஐந்தை ஏன் கிழிக்கவில்லை என்று கேட்டேன். ‘திரும்ப வரும்போது இடம் வேண்டாமா, சார்?’ என்றார் நூலகர். அந்த நம்பிக்கைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

எனவே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் உங்கள் ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, எந்தத் தேதிகளில் செலுத்தப்பட்டது என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். நிலுவை இருப்பது தெரிந்தால் ஒரு நகலை மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்பிவிட்டு, இன்னொரு நகலோடு அடுத்த கிராம சபைக்குப் போய் எல்லோரும் கேட்கும்படி அதைப் படியுங்கள். உங்கள் கேள்வியும் அதற்குத் தலைவர் சொல்லும் பதிலும் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படும்வரை எழுந்து வராதீர்கள்.