புயல் வரும் என்கிறார்கள், பாதி தடவை வருவதில்லை. ஒவ்வொரு முறையும் முன்னேற்பாடு செய்வது வீண் செலவுதானே?

உங்கள் வீட்டில் யாரோ பெரியவர் "தண்ணியைப் பிடி, மட்டையைக் கழி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. மறுபேச்சில்லாமல் செய்துவிடுங்கள். இதே கேள்வியை 2018 நவம்பரில் நான் என் அப்பாவிடம் கேட்டேன்.

எங்களுக்குப் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு. 2016 டிசம்பரில் நாடா புயல் என்று டெல்டாவே பயந்து காத்திருந்தது. அது வலுவிழந்து காரைக்கால் பக்கம் கரை ஏறிப் போய்விட்டது. 2018-இல் கஜா புயல் கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவே கரை ஏறும் என்றார்கள். அவ்வளவு நீளக் கரையில் நம் தோப்பிலா வந்து இறங்கப்போகிறது என்று நினைத்தேன்.

ஆள் விட்டுக் காயை இறக்கி அடிமட்டைகளைக் கழித்துவிட்டால் மரத்தில் காற்றுப் பிடிப்பு குறையும் என்றார் அப்பா. வழக்கமான தேங்காய் வெட்டுக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. "இப்பவே கூலி கொடுத்து எறக்கணுமாப்பா? போன தடவையும் இப்படித்தான சொன்னாங்க" என்று சென்னையிலிருந்து போனில் தடுத்தவன் நான். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 16 விடியும்போது அதிராம்பட்டினம் பக்கம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. எங்கள் 140 மரத்தில் மிஞ்சியது 19. குலையோடு வேர் பிடுங்கிக் கிடந்தவற்றை அப்பா தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். மட்டை கழித்த தோப்பிலும் மரம் விழுந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வெட்டுக் காசாவது கையில் இருந்திருக்கும்.

அம்மா என்னைக் கேட்கவில்லை. முதல்நாளே மோட்டாரைப் போட்டு மேல்தொட்டி, அண்டா, நெல் அவிக்கிற கொப்பரை வரை நிரப்பிவைத்தார். 22 நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வண்டி வந்து தண்ணீர் ஏற்றும்வரை பக்கத்து நான்கு வீடும் அதில்தான் சமைத்தன.

மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் நிவாரணம். குருத்து திருகி நின்ற மரங்களை, "நிக்குதே" என்று கணக்கெடுக்க வந்தவர் எழுதவே இல்லை. மூன்று மாதத்தில் அவற்றிலும் ஏழு கொண்டை சாய்ந்து செத்தன. கேள்விக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். எனக்கு இன்றும் ஆறவில்லை.

இன்னொன்று. வடக்கு வரப்பில் தாத்தா வைத்த பனை வரிசையை, தென்னைக்கு நிழல் கட்டுகிறது என்று செங்கல் சூளைக்கு விற்றிருந்தோம். அப்பா விடாமல் வைத்திருந்த மூன்று பனையும் கஜாவில் அசையாமல் நின்றன. இப்போது அதே வரப்பில் 200 பனங்கொட்டை ஊன்றியிருக்கிறார். அவருக்கு வயது 71, அவை காய்க்கப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும்.

இந்த வருடம் ஐப்பசி பிறந்ததுமே மரம் ஏறுகிறவருக்கான கூலியை, அப்பா கேட்காமலே அனுப்பிவிட்டேன்.